ஒரே அடியில் முடிகிற கதைகள்

அசாஹிகாவாவில் பிப்ரவரி.
பனி தள்ளும் வண்டியை
எஞ்சின் உறும விட்டுவிட்டு
கடைக்குள் வந்தார் ஷிராதோரி-சான்.
ஐம்பத்திரண்டு வயது, ஆரஞ்சு மேலங்கி.
பூட்ஸிலிருந்து உதிர்ந்த பனி
'புதிய வரவு' அலமாரியடியில் குளமானது.

"யாரும் பயிற்சி எடுக்கக் கூடாது" என்றார்.
"அருவிக்கடியில் உட்காரக் கூடாது.
செத்துப்போன அண்ணனை நினைத்து
நடுச்சண்டையில் பத்து நிமிடம் அழக் கூடாது.
ஒரே அடி. ஆள் காலி.
அப்புறம் நான் சிரிக்க வேண்டும்.
இருக்கிறதா?"

இருக்கிறதாவா!
பதினோரு வருடமாய் இந்தக் கடையில்
வட்டுகளுக்குக் கீழே
சிபாரிசு அட்டை எழுதுகிறவன் நான்.
மனைவியிடம்கூட
இத்தனை வார்த்தை பேசியதில்லை.

இதோ, இவன் தும்மினால் மலைத்தொடர் நகரும்.
மகரந்தம் பறக்கும் மாதங்களில்
இவன் மூக்கைத் துடைக்கவென்றே
அரசாங்கம் ஒரு குமாஸ்தாவை வைத்திருக்கிறது.
இரண்டு தலைநகரங்கள் போனபிறகு வந்த ஏற்பாடு.
குமாஸ்தாவுக்குச் சளிக்காய்ச்சல் வருகிற பகுதியை
படுத்துக்கொண்டு பார்க்காதீர்கள்,
புரையேறும்.

இவள் அரக்கர் தலைவி.
ஏழு உலகங்களை ஒரு சொடக்கில் வென்றவள்.
இப்போது இருபத்துநாலு மணிநேரக் கடையில்
இரவு வேலை.
சோற்று உருண்டையின் உறையை
ஒன்று, இரண்டு, மூன்று என்று
எண் போட்ட வரிசையில் இழுக்க வேண்டுமல்லவா?
பன்னிரண்டு பகுதிகள்.
ஒருமுறைகூடக் கடற்பாசி கிழியாமல் வந்ததில்லை.

மூன்றாவதை எடுக்கும்போது
குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.
வாடகைக் குடியிருப்பில் ஒரு வாள்வீரன்.
முழுவாளை யாரும் பார்த்ததில்லை;
விரற்கடை உருவினாலே
எதிர்ப்படையின் இடுப்புவார்கள் அறுந்து விழும்.
முதல் காட்சியில் டிராகனை இரண்டாய்ப் பிளக்கிறான்.
மிச்சக் கதை முழுக்க
அது எரியும் குப்பையா, எரியாத குப்பையா,
செவ்வாயா வியாழனா என்று
குடியிருப்போர் சங்கத் தலைவி முன்னால்
கைகட்டி நிற்கிறான்.

அவர் சிரிக்கவில்லை.
மூன்றாவதை மட்டும் மேலங்கிக்குள் செருகிக்கொண்டு
போனார்.

நான்கு நாள் கழித்து
வட்டை மேசையில் தட்டி வைத்தார்.
"பொய் சொல்லிவிட்டாய்.
ஒன்பதாம் பகுதியில் தோற்கிறான்."

தோற்கிறான்தான். சொல்ல மறந்தேன்.
பாலர் பள்ளிச் சிறுமியிடம்.
கல், கத்தரி, காகிதம் விளையாட்டில்.
பிறந்ததிலிருந்து அவன் கைக்குத் தெரிந்தது
முட்டி மடக்க மட்டும்.
அவன் கல், அவள் காகிதம்.
கல், காகிதம்.
அந்தி சாயும்வரை கல், காகிதம்.

"விடியற்காலை மூன்று மணி.
வண்டியை ஓரங்கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
காபி மொத்தமும் கியர் மேலே" என்றார்.
பிறகு, கையுறையைப் பார்த்தபடி:
"நானும் தினம் ஜெயிக்கிறேன்.
ஒரே தள்ளு, தெரு சுத்தம்.
விடிவதற்குள் அதே வில்லன்
அதே உயரத்தில்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
சிபாரிசு கேட்டால் சொல்வேன்.
இது சிபாரிசு கேள்வி இல்லை.
"அடுத்த தொகுதியில்
ஒருவழியாய் விரலை விரிக்கிறான்" என்றேன்.
"அன்றைக்குப் பார்த்து
அவள் கத்தரியை வைக்கிறாள்."

அப்போதுதான் சிரித்தார்.
கண்ணாடிக் கதவு அதிர்ந்தது;
எஞ்சினாகவும் இருக்கலாம்.

அவர் போனதும் அட்டையைத் திருத்தினேன்:
'தோல்வி உண்டு. நல்ல ரகம்.'

வெளியே வந்து பார்த்தால்
தெரு, துடைத்த தட்டுபோல்.
ஒரே தள்ளுதான்.
என் காரைத்தான் காணோம்.
அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மலை;
உச்சியில்
வானொலிக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு.

அண்ணன் யாரும் சாகவில்லை எனக்கு,
நினைத்து அழ.
மண்வெட்டியோடு நின்று
பயிற்சி எடுத்தேன்.